நீ காலியாக விட்ட இடம்

நைனா,

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்துக்கொள்கிற நம் கல்யாண மண்டபத்தின் வெப்சைட்டைத் தினமும் காலையில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கமிருந்து யாரோ ஒருத்தர் திறந்து பார்க்கிறார் என்று போன மாதம் உன் அம்மாவிடம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு ஆளாவது பாக்குறாம்மா, தினம் வந்துட்டுப் போறான்" என்று சொல்லும்போது உன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அந்த ஆள் நான்தான். பல் விளக்கிக்கொண்டே போனைத் திறப்பேன். மண்டபத்தின் படம் வரும், பெயர் வரும், அதற்குக் கீழே புள்ளிக்கோடு போட்ட ஒரு காலிப் பெட்டி வரும். "இங்கே உங்கள் பகுதியைச் சேர்க்கலாம்" என்று அதில் நீ எழுதி வைத்திருக்கிறாய். யாராவது சேர்த்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இருக்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். என்னையும் ஒரு தலையாக நீ எண்ணிக்கொண்டிருப்பாய் என்று தெரிந்திருந்தால் உன் அம்மாவின் போனிலும் ஒரு தடவை திறந்திருப்பேன். இரண்டு பேர் ஆகியிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நீ புனேவுக்கு ரயிலேறுகிறாய். ஏறுவதற்கு முன்னால் உன் டெம்ப்ளேட்டை, அதுதான் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் வெப்சைட்டாக வைத்துக்கொள்ள நீ கட்டின அச்சை, மொத்தமாக அணைத்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டாய். இந்த உலகத்தில் அதை வைத்து ஓடுகிற கடைசிப் பக்கம் நம் மண்டபத்தின் பக்கம்தான், அதற்காக எதற்கு வாடகை கட்டி ஒரு மெஷினை ஓட்டவேண்டும் என்று கேட்டாய். நியாயம்தான். நேருக்கு நேர் இதைப் பற்றிப் பேசலாம் என்று பார்த்தால் நான் வாயைத் திறந்ததும் கிண்டல்தான் வருகிறது. சீரியஸாகப் பேசினால் "இன்னாப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று நீ பயப்படுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாய். அதனால்தான் ஊரே பார்க்கிற மாதிரி ஒரு திறந்த கடிதமாக எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள், திருத்தினேன் என்று எனக்குச் சொல்லாதே.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. நாவலூர் ஆபீசை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டுகிறவனைப் பற்றிச் சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்ல கட்டடம் கட்டுறான்" என்று அடித்துவிடுவேன். ஒரு நாள் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாய். சாயங்காலம் ரிசப்ஷன். மேடையில் டெக்கரேஷன் மணி ஏணி மேல் நின்று பூ ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்தான், பின்னால் சமையல்காரர்கள் அடுப்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் லைட்டுக்காரன், இன்னொரு பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா. நீ வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மண்டபத்துல உனக்குன்னு இன்னா கீது?" என்று கேட்டாய்.

"நாலு சுவரு, ஒரு மேடை, கக்கூஸு" என்றேன்.

"அவ்ளோதானே? பூ ஒருத்தன் கொண்டாறான், லைட்டு ஒருத்தன், சோறு ஒருத்தன். ஒருத்தனை ஒருத்தனுக்குத் தெரியாது. ஆனா சாயங்காலம் பாத்தா ஒரே கல்யாணமா நிக்குது. அது எப்டிப்பா?"

"எப்டின்னா, நான் கத்துறேன்."

நீ சிரித்துவிட்டு, "அதில்லப்பா. மேடைக்கு மேல வளையம் எங்க இருக்குன்னு மணி அண்ணனுக்குத் தெரியும். அடுப்பு மேடை எங்க இருக்குன்னு சமையல்காரருக்குத் தெரியும். நீ அதையெல்லாம் இடம் மாத்தமாட்டேன்னு அவங்க நம்பிக்கினு வர்றாங்க. அதான் எனக்கு வேணும்" என்றாய். நீ செய்வது ஒரு வெற்று மண்டபம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. சின்னக் கடைக்காரன், கடலோரத்தில் அறை வாடகைக்கு விடுகிறவன், மீன் சாப்பாடு போடுகிறவன் எல்லோரும் உன் டெம்ப்ளேட்டை எடுத்துத் தங்கள் பக்கமாக வைத்துக்கொள்வார்கள். உனக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர் அதில் மாட்டுகிற மாதிரி ஒரு பகுதியை எழுதுவார், அதற்குப் பெயர் ப்ளகின். உன் சுவரில் ஆணி அடிக்காமல், உன்னைக் கேட்காமல், நீ விட்ட வளையத்தில் அது போய் மாட்டிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு சாமானுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு இடம் விடவேண்டும், ஆனால் கண்ட இடத்திலும் கொக்கி வைத்தால் அது மண்டபமாக இருக்காது, மீன் வலையாகிவிடும் என்றாய். ஒரு தடவை ஆர்க்கெஸ்ட்ராக்காரன் பெட்டியைப் போட்டதும் மொத்தக் கரண்டும் போய் கிரைண்டர் நின்றதே, அந்த மாதிரி ஒருவன் கெட்டால் மற்றவன் நிற்கக்கூடாது, அவனவனுக்குத் தனித்தனி ஃபியூஸ் வேண்டும் என்றாய். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகன் என் வேலையைத்தான் செய்கிறான், உட்கார்ந்துகொண்டு செய்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவனுக்காவது முதுகு வலிக்காதுல்ல" என்றாள். இப்போது உனக்குத்தான் முதுகு வலி. திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை போட்டுச் சுற்றி வாடா, கல்யாணமாவது ஆகும் என்றதற்கு, நடந்தால் முதுகு பிடிக்கும் என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை நீதான்.

அப்புறம் மண்டபத்துக்கு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் உன் கதையும் அதற்குள்தான் இருக்கிறது. முதலாளி எங்கேயோ ஒரு ஏசி மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே மேடைக்கு மேலே வெள்ளைச் சீலிங் வழவழவென்று இருந்ததாம். நம்முடையதில் துருப்பிடித்த இரும்பு வளையங்கள் வரிசையாகத் தொங்குவது அவருக்குக் கண்ணில் குத்த ஆரம்பித்தது. எடுத்துவிடு என்றார், எடுத்தேன். ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். நிஜமாகவே அழகாக இருந்தது, நானே அண்ணாந்து பார்த்து நின்றேன். அடுத்த முகூர்த்தத்துக்கு மணி குட்டியானை வண்டியில் ஃப்ரேமை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். அந்த ஃப்ரேம் அந்த வளையங்களின் அளவுக்கென்றே வெல்டிங் வைத்தது.

"இன்னா அண்ணாத்த, வளையத்தைக் காணோம்?"

"முதலாளி எடுக்கச் சொன்னாருப்பா."

"சொன்னா எடுத்துடுவியா? எனக்கு ஒரு போன் போட்டியா?"

"உன் நம்பர் கீது மணி. உன் ஞாபகம்தான் வரல."

"நல்லா பேசு. என் ஃப்ரேம் இன்னா ரப்பரா, உன் சீலிங்குக்கு ஏத்த மாதிரி இழுத்து மாட்ட?"

பேஜாரு பண்ணாதே, எப்படியாவது கட்டு என்றேன். நைலான் கயிறு போட்டுச் சீலிங்கின் மெல்லிசுத் தகட்டில் கட்டினான். ரிசப்ஷன் பாதியில் சீலிங்கும் ஃப்ரேமும் சேர்ந்து இறங்கிவிட்டன. நல்ல வேளை, மாப்பிள்ளையும் பெண்ணும் சாப்பிடப் போயிருந்தார்கள், அடி வாங்கியது ராஜா நாற்காலிகள்தான். முதலாளி மணியைத் திட்டினார், மணி என்னைத் திட்டினான், நான் கயிற்றைத் திட்டினேன். அதற்கு மேல் மணி வரவில்லை. "அந்த மண்டபத்துல எது எப்ப இருக்கும், எது எப்ப இருக்காதுன்னு தெரியாதுப்பா" என்று மற்றவர்களிடமும் சொல்லிவிட்டான். பிறகு சீலிங்கை வெட்டி வளையங்களைப் பழையபடி பழைய இடத்திலேயே மாட்டினேன். மணிக்குப் போன் போட்டு, மாட்டிவிட்டேன், வாப்பா என்றேன். "மாட்டிட்ட, சரி. நாளைக்கு எடுக்கமாட்டேன்னு யாரு சொல்றது?" என்று கேட்டான். நாஸ்தா சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ராஜா நாற்காலிக் கதையை நான் நடித்துக் காட்டியபோது நீ தரையில் உருண்டு சிரித்தாய். உருண்டு சிரித்தவன் அடுத்த வருஷமே அதையே செய்வாய் என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைத்திருக்கமாட்டாய். அப்போது உனக்கு நல்ல காலம். செங்கல்பட்டு ஜெனிஃபர், நாவலூர் ஆபீசில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோம்ஸ்டேவுக்காக ரூம் புக்கிங் ப்ளகின் எழுதியிருந்தாள். அதைப் பார்த்து இன்னும் சிலர் எழுதினார்கள். நீயோ உன் டெம்ப்ளேட்டைப் பார்த்து, "பழைய பேரெல்லாம் கன்னாபின்னான்னு கீதுப்பா, க்ளீன் பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலாளி ஞாபகம் வந்தது. வந்தும் சொல்லவில்லை, பையன் படித்தவன், அவன் வளையம் வேறு வளையம் என்று இருந்துவிட்டேன். ப்ளகின்கள் பெயர் சொல்லித் தேடி வருகிற காலி இடங்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்தாய், சிலதைக் கீழே இறக்கினாய், சிலதை எடுத்தே விட்டாய். புதுப் பதிப்பு போட்டாய். தொடர்ச்சியாக லீவு வந்த வாரம் அது. ஜெனிஃபரின் ப்ளகின் பழைய பெயரைத் தேடி வந்தது, அந்தப் பெயரில் இடமே இல்லை, சத்தம் போடாமல் காணாமல் போய்விட்டது. பக்கம் விழவில்லை, அதுவரைக்கும் உன் ஃபியூஸ் வேலை செய்தது. ஆனால் புக்கிங்கைக் காணாமல் ஹோம்ஸ்டே அம்மா போனில் வாய் வார்த்தையாக ரூம் கொடுக்க ஆரம்பித்து, ஒரே ரூமுக்கு இரண்டு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றுவிட்டது.

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், கை சோறாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாய். அதனால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணா, மாத்தினீங்களே, ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தியிருக்கலாம்ல?"

"டாக்குமென்டேஷன்ல போட்டிருந்தேன் ஜெனி."

"அதை யாருண்ணா படிப்பா? நீங்க எழுதினது, நீங்களே படிச்சிருக்கமாட்டீங்க. அந்த அம்மா எங்கிட்ட அழுவுறாங்க. ஒரு குடும்பத்தை எங்க வீட்டு ஹால்ல படுக்க வெச்சிருக்கேன்."

உன் அம்மா ரசத்தை ஊற்றப் போனவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். நீ அன்றைக்கே உட்கார்ந்து பழைய பெயர்களையெல்லாம் புதுப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாய். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திறக்கும், புதுப் பெயரைச் சொன்னாலும் திறக்கும், இனிமேல் எதையும் எடுக்கவே போவதில்லை என்றாய். நான் வளையத்தைத் திரும்ப மாட்டின மாதிரியே மாட்டினாய். மணி சொன்ன அதே பதில்தான் உனக்கும் கிடைத்தது, கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷில். ஜெனிஃபர் அந்த ஹோம்ஸ்டேவை வேறு எதற்கோ மாற்றிக்கொண்டு போனாள். மற்றவர்கள் சொல்லாமல் போனார்கள். போன வருஷம் நான் கேட்டேன், இப்போதெல்லாம் புதுசாக யாரும் டெம்ப்ளேட் எடுப்பதில்லையா என்று. "எவனும் எடுக்குறதில்லப்பா. இன்னா வேணும்னு வாயால சொன்னா போதும், ஏஐ மொத்தப் பக்கத்தையும் எழுதிக் குடுத்துடுது" என்றாய். அதில் உன்னுடையது மாதிரி காலி இடம் இருக்குமா என்றேன். "அதுக்கு எதுக்குப்பா காலி இடம்? வேற எவனாவது வருவான்னு அது நினைக்கவே நினைக்காது" என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அது என் சிரிப்பு.

அதனால் நைனா, எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்த மாத முகூர்த்தங்களோடு நம் மண்டபமும் முடிகிறது. இடித்துவிட்டு, கம்பெனியில் வேலை செய்கிற பசங்க தங்குவதற்கு ஹாஸ்டல் கட்டப்போகிறார்கள். எனக்கு அதில் ஏதாவது வேலை இருக்குமா என்று முதலாளியைக் கேட்டேன், "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்று சொன்ன எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. நீ புனேவில் யாரோ ஒருத்தனுடைய பெரிய மண்டபத்துக்குள் ஏணி பிடிக்கிற வேலைக்குப் போகிறாய். நல்ல வேலை, ஃபேன் இருக்கும், மாதாமாதம் வரும். அங்கே யாராவது, மாற்றுவதற்கு முன்னால் போன் போட்டு "மாத்தப்போறேன்" என்று உன்னிடம் சொன்னால் அவனை விட்டுவிடாதே. நீ மாற்றுவதாக இருந்தாலும் ஏட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்காதே, கூப்பிட்டுச் சொல். அழகாக இருக்கிறது என்பதற்காக எதையும் வெட்டாதே, அதில் யாருடைய கயிறு கட்டியிருக்கிறது என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. உன் பழைய போன் நம்பரையும் எடுத்துவிடாதே. உன் அம்மாவுக்கு அந்த நம்பர் விரலில் இருக்கிறது, தலையில் இல்லை. புதிய நம்பர் அவள் விரலுக்கு ஏறாது. ஆனால் நீ மாற்றுவாய், எனக்குத் தெரியும். கம்பெனி ஒன்று கொடுக்கும், கொஞ்ச நாள் இரண்டையும் வைத்திருப்பாய், அப்புறம் ஒன்று போதும் என்று தோன்றிவிடும். எல்லாம் அப்படித்தான் போகிறது, நான் கோபமாகச் சொல்லவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். நீ அணைப்பதற்குள் அந்தப் புள்ளிக்கோட்டுப் பெட்டியில் ஒரே ஒரு தடவையாவது ஏதாவது உட்கார்ந்து பார்த்துவிடவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மண்டபம் காலியாக இருக்கிற தேதிகளை மாற்றுவதற்கு நீ எனக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாய் அல்லவா, அது இருக்கிறது. ஜெனிஃபருக்குப் போன் போட்டேன்.

"ஜெனிம்மா, உன் பழைய ப்ளகின் ஒண்ணு இருந்துச்சே, அதை அனுப்புறியா?"

"அங்கிள், அது ரூம் புக்கிங். உங்களது கல்யாண மண்டபம்."

"ரூம் கீதும்மா. மணமகன் அறை, மணமகள் அறை."

"அண்ணாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உன்னை எதுக்கும்மா கேக்கப்போறேன்?"

அவள் சிரித்துவிட்டு அனுப்பினாள். போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். அந்தப் பழைய சாமானில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. நேராகப் போய் அந்தப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டது. புள்ளிக்கோடு மறைந்து, தேதி, எத்தனை பேர், எந்த ரூம் என்று கேட்டுக்கொண்டு நின்றது. மற்றது எதுவும் அசையவில்லை. மண்டபத்தின் பெயர் அதன் இடத்தில், படம் அதன் இடத்தில். ஜெனிஃபரும் அவள் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். "அங்கிள், பழைய பேர் எல்லாத்தையும் அண்ணா அப்படியே வெச்சிருக்காங்க. நான் இத்தனை நாள் திறந்தே பாக்கல" என்றாள். திரும்ப எழுதுவியாம்மா என்று கேட்டேன். இல்லை அங்கிள், நானும் வேற வேலை தேடிக்கினு இருக்கேன் என்றாள். அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு ராஜா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ கட்டினது நிற்கிறது நைனா. வருவதற்குத்தான் ஆள் இல்லை. இந்த இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு ரயிலேறக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அணைப்பதென்றால் அணைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், திங்கட்கிழமை அங்கே போய் இறங்கிய பிறகு அணை.

காரணம் இருக்கிறது. ஜெனிஃபரின் சாமானில் கடல் தெரியும் அறை என்று ஹோம்ஸ்டேவுக்கு எழுதின வாசகம் அப்படியே இருந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. எங்கேயோ தேடும்போது அது கண்ணில் பட்டுப் புக் பண்ணி, சனிக்கிழமை மத்தியானம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பெரியவர்கள் இரண்டு, குழந்தை ஒன்று, திங்கட்கிழமை காலையில் காலி செய்கிறார்கள், அதுவரைக்கும் அவர்கள் புக்கிங் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. கடல் தெரியும் அறை கேட்டிருக்கிறார்கள். உறுதியாகிவிட்டது என்று அவர்களுக்குத் தானாகவே பதிலும் போய்விட்டது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன், குழந்தை எடுத்தது. அங்கே அலை பெரிசா இருக்குமா என்று கேட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மணமகள் அறையைப் பெருக்கி, பாய் போட்டு வைத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ரயில்வே ட்ராக் தெரிகிறது. திரைச்சீலை போட்டிருக்கிறேன்.